பொட்டு வைத்த துப்பாக்கி

தேவகுமாருக்குத் துப்பாக்கியைவிட அதன் விதிகள் மீதுதான் பிரியம் அதிகம். ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்திலிருந்த அந்தச் சின்ன வன அலுவலகத்தில் துப்பாக்கி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். நடுவில் மடித்துத் திறக்கிற இரட்டைக் குழல் துப்பாக்கி. பாலிக் புலாவ் பக்கத்துக் காட்டு ஓரத்தில் புதிதாக நட்ட மரக்கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்டுவிடும் என்பதற்காக அதை எடுத்துப் போவார்கள். அந்த ஒன்றுக்கு அவர் பண்ணிய ஆர்ப்பாட்டத்தைப் பார்த்தால் ஒரு பட்டாளத்துக்கே ஆயுதக் கிடங்கு வைத்திருக்கிறாரோ என்று தோன்றும்.

நடக்கும்போது துப்பாக்கி திறந்தே இருக்க வேண்டும். விரல் விசைக்கு வெளியே, குழல் தரையைப் பார்த்து. வண்டியில் ஏறுமுன் தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும். கை மாறும்போதெல்லாம் ஒருவர் திறந்து காட்ட, இன்னொருவர் எட்டிப் பார்த்து, இரண்டு குழலிலும் விரலை விட்டுத் தடவி, "கோசோங்" என்று சொல்ல வேண்டும். மலாயில் காலி என்று அர்த்தம். முனகினால் போதாது, வெளியே நிற்கிற டிரைவர் காதில் விழ வேண்டும். "ரெண்டு கண்ண நம்பாதீங்க. நாலு கண்ணு பாக்கணும்" என்பது அவருடைய வாய்ப்பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்த தாத்தா, அரசாங்கக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா என்று அவர் குடும்பத்தில் ஆண்கள் எல்லோருமே வரிபிசகாமல் வாழ்ந்தவர்கள். இவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவன் தப்பைத் தேடுவதில் கெட்டிக்காரர். தன் தப்பைத் தேடும் பழக்கம் மட்டும் அந்தக் குடும்பத்துக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அவரிடம் மாட்டிக்கொண்டவன் ஹைக்கல். ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம், முப்பது வயது, காடு என்றால் உயிர். வெளிவேலையில் தேவகுமாருக்கு ஜோடி அவன்தான். ஒரு நாள் ஓடையைத் தாண்டும்போது துப்பாக்கியைத் திறக்க மறந்து மூடியபடியே தூக்கிக்கொண்டு குதித்துவிட்டான். உள்ளே தோட்டா இல்லை. இருந்தாலும் தப்பு தப்புதான், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் தேவகுமார் அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை வண்டிக் கொட்டகையின் நடுத்தூண் பக்கத்தில் அவனை நிறுத்தி, அலுவலகமே பார்க்க, எல்லா விதிகளையும் ஒவ்வொன்றாக வாயால் சொல்ல வைத்தார். துப்பாக்கி அனுமதியையும் நிறுத்தி வைத்தார். வருட முடிவுக்குள் அவர் சிபாரிசு செய்து அனுமதி திரும்பி வராவிட்டால் ஹைக்கலுக்குக் காட்டு வேலை போய்விடும். பின்பக்க நாற்றங்காலில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் நிரந்தரமாகும். அவன் இரண்டு முறை வந்து கேட்டான். இரண்டு முறையும் தேவகுமார், "பாப்போம் தம்பி" என்றார்.

ஆயுத பூசை அன்று பிற்பகல், ஹைக்கல் இல்லாமல், டிரைவர் தங்கராஜுவை மட்டும் கூட்டிக்கொண்டு அவர் பாலிக் புலாவ் போனார். துப்பாக்கியோடு இரண்டு வெளிவேலைக்காரர்கள் போக வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் இரண்டாவது ஆளைத்தான் இவரே நாற்றங்காலுக்கு அனுப்பிவிட்டாரே. தங்கராஜு வண்டியிலேயே இருந்தார். தேவகுமார் கன்றுகளுக்கு நடுவில் தோட்டா போட்டுக் காத்திருந்தார். பன்றி வரவில்லை, மழை வந்தது. கூடவே மனைவி பிரியந்தியின் அழைப்பும் வந்தது.

"எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்தாச்சு. நல்ல நேரம் முடியப் போவுது, உங்க போஸே வந்து உக்காந்திருக்காரு. சீக்கிரம் வாங்கலா!"

மழையில் ஓடி வந்து வண்டியில் ஏறினார். மலைச்சாலையில் ஒரே நெரிசல். அலுவலகம் வந்து சேர்ந்தபோது கற்பூரத் தட்டு தயாராக இருந்தது. கொட்டகையில் சிவப்புத் துணி விரித்து, அதில் பாராங் கத்திகள், மரம் அறுக்கும் இயந்திரம், மண்வெட்டி எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. துப்பாக்கிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். எதிரே பாயில் அவருடைய மகள் அதிராவும் தங்கராஜுவின் இரண்டு பையன்களும் பாட்டுப் பாடத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். தங்கராஜுவின் மனைவி குணவதி குங்குமக் கிண்ணத்தோடு நின்றாள். தேவகுமார் கையிலிருந்ததை அப்படியே துணியில் வைத்தார். குணவதி பொட்டு வைத்து, குழல் மேல் ஒரு சாமந்திப்பூவையும் சார்த்தினாள்.

ஒவ்வொரு வருடமும் துப்பாக்கியை மடித்துத் திறந்துதான் வைப்பார்கள். பாட்டு பாதி நடக்கும்போதுதான் அவர் கவனித்தார். இந்த வருடம் அது மூடி இருந்தது.

தோட்டாவை எடுத்தோமா? எடுத்திருப்போம், இத்தனை வருடப் பழக்கம், கை தானாக எடுத்திருக்கும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டார். மழையில் ஓடியது ஞாபகம் வந்தது. பையைத் தோளில் மாட்டியது ஞாபகம் வந்தது. தோட்டா ஞாபகம் மட்டும் வரவில்லை. அந்த நிமிடமே எழுந்து போய்த் திறந்து பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் பிரியந்தி சொன்ன அந்த 'போஸ்', மேலதிகாரி ஷேக் அலாவுதீன், முன்னால் இருக்கிறார். பின்னால் ஹைக்கல், வருடா வருடம் நிற்பதுபோல ஓரமாக, சுண்டலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறான். அவன் கண் முன்னால் எழுந்து போய்த் திறந்து, உள்ளே இருந்துவிட்டால்? தேவகுமார் எழுந்திருக்கவில்லை. குழந்தைகள் பாட, அவர் கைகூப்பியபடி கண்ணை மூடிக்கொண்டார். பார்க்கிறவர்களுக்குப் பக்தியாகத் தெரிந்தது.

எல்லாம் முடிந்து இரும்பு அலமாரியில் வைக்கும் நேரம் வந்தது. அலமாரிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு பேர். அதுவும் தேவகுமார் கொண்டு வந்த ஏற்பாடுதான். ஒன்று அவரிடம், மற்றது ஹைக்கலிடம்; அனுமதி நின்ற பிறகும் அந்தச் சாவி அவனிடமே இருந்தது. துணியோடு சுற்றி அவர் எடுத்து வந்த துப்பாக்கியை ஹைக்கல் பார்த்தான்.

"அண்ணே, மூடி இருக்கே. தொறந்து பாத்துட்டு வைப்போம்" என்று கையை நீட்டினான்.

"தொடாத தம்பி. பூஜையில வச்ச பொருள காலையிலதான் எடுக்கணும். இது எங்க சாமி விஷயம், உனக்குத் தெரியாது."

ஹைக்கல் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். "சோரி அண்ணே" என்றான். தோட்டாப் பையையும் எண்ணாமலே உள்ளே வைத்து இருவரும் பூட்டினார்கள்.

எங்க சாமி. பத்து வருடமாக இந்தக் கொட்டகையில் சுண்டல் தின்கிறவன், வீட்டிலும் தமிழ் பேசுகிறவன், அவனை ஒரு வார்த்தையில் வேற்று ஆளாக்கி வாசலில் நிறுத்தியாயிற்று. எதற்கு? தன் மானம் போய்விடக் கூடாது என்பதற்கு. சரஸ்வதியை இப்படியும் ஒருவன் உபயோகப்படுத்திக்கொள்வான் என்று அவளே நினைத்திருக்க மாட்டாள்.

வீட்டில் சாப்பிடும்போது பிரியந்தி கைப்பேசியை நீட்டினாள். அதிரா பாடியதைப் படம்பிடித்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டிருந்தாள். அதில் பெரியம்மாக்களும் சித்தப்பாக்களும் இதயமாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். தேவகுமார் மகளைப் பார்க்கவில்லை. படத்தின் கீழ்மூலையில், சாமந்திப்பூவுக்குக் கீழே, இரண்டு கரிய ஓட்டைகள் பாயைப் பார்த்தபடி இருந்தன. இருக்காது, இருக்காது என்று ஜெபம்போல மனதுக்குள் சொல்லிக்கொண்டே கை கழுவினார்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போய்விட்டார். தனியாகத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்ற நினைப்பு. அலமாரி முன்னால் போய் நின்ற பிறகுதான் தன்னுடைய இரண்டு சாவி ஏற்பாடு ஞாபகம் வந்தது. வேறு யாராவது வைத்த விதியாக இருந்தால் திட்டியாவது இருக்கலாம். நாற்காலியைப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

தங்கராஜு வந்து வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க ஆரம்பித்தார். அடுத்து ஹைக்கல் வந்தான். இருவரும் சாவி போட்டார்கள். தேவகுமார் கையை நீட்டும் முன் ஹைக்கல் துணியோடு அதை வெளியே எடுத்து, குழலைத் தரைக்குத் தாழ்த்தி, மடித்தான்.

பித்தளை பளபளத்தது. இரண்டு குழலிலும் தோட்டா, வட்டமாக, அழகாக, இரண்டு கண்போல.

தேவகுமாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஹைக்கல் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கோசோங்கா தம்பி?" வெளியிலிருந்து தங்கராஜுவின் குரல்.

ஹைக்கல் நிமிர்ந்து தேவகுமாரைப் பார்த்தான். ஒரு நிமிடம் அவன் பழிவாங்கப் போகிறான் என்றுதான் அவர் நினைத்தார். நியாயமாகப் பார்த்தால் கத்தி ஊரைக் கூட்டியிருக்க வேண்டும்.

"கோசோங்!" என்றான் ஹைக்கல், அவர் கற்றுக்கொடுத்தபடியே, டிரைவர் காதில் விழும்படி.

பிறகு தோட்டாக்களை உருவிப் பையில் போட்டான். விரல் நுனியில் ஒட்டிய குங்குமத்தைத் துணியில் துடைத்தான்.

"ஏன் தம்பி அப்படிச் சொன்ன?" என்று கேட்டார் தேவகுமார்.

"வேற என்ன சொல்றது அண்ணே? தங்கராஜு அண்ணன் பசங்க ரெண்டு பேரும் நேரே உக்காந்திருந்தாங்க. தெரிஞ்சா அவரு சும்மா விடுவாரா?" அவன் துணியை மடித்தான். "அதோட, உங்க சாமி விஷயம். எனக்கு என்ன தெரியும்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அவன் உண்மையாகவே பயந்து, மரியாதைக்காகச் சொன்னான். காலி இல்லாததைக் காலி என்று சொல்லக் கூடாது என்று எவனைத் தூணோரம் நிறுத்திப் பாடம் ஒப்பிக்க வைத்தாரோ, அவனையே பொய் சொல்ல வைத்தாயிற்று. தேவகுமாருக்குக் கூசியது. உடம்பிலிருந்து சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

ஓடவில்லை. நேரே ஷேக் அலாவுதீன் அறைக்குப் போனார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அதிகாரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வெடிச்சுச்சா?"

"இல்ல போஸ்."

"யாருக்காச்சும் அடி?"

"இல்ல."

"அப்புறம் என்னலா? இத மேல அனுப்பினா முதல்ல என்ன கேப்பாங்க? ஆபீஸ்ல எதுக்குப் பூஜைன்னு கேப்பாங்க. அடுத்த வருசம் பூஜையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. பேஸ்புக்ல ரெண்டு பக்கமும் நின்னு அடிச்சுக்குவானுங்க. மத விஷயத்துல நான் கை வைக்க மாட்டேன், தேவா. நீங்க சொல்லல, நான் கேக்கல. போய் வேலையப் பாருங்க."

"ஹைக்கல் அனுமதிய நிறுத்தினோமே, போஸ். அவன் துப்பாக்கியில தோட்டாவே இல்ல."

"அவன் ரூல மீறினான்" என்றார் ஷேக் அலாவுதீன். சொன்ன பிறகு அது அவர் காதிலேயே எப்படியோ விழுந்திருக்க வேண்டும். கணினித் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேற்று அவராகவே சாமியின் பின்னால் ஒளிந்துகொண்டார். இன்று வேறு ஒருவர் கையைப் பிடித்து அங்கேயே உட்கார வைக்கிறார். வசதியான இடம்தான். கொஞ்ச நேரம் தேவகுமாருக்கு ஆசையாகக்கூட இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். வாசற்படியில் நின்று யோசித்தார். கொட்டகையில் எல்லோரும் காலை டீயோடு நின்றார்கள். தங்கராஜு வண்டியை மெல்ல நகர்த்தி எலுமிச்சம்பழங்களை நசுக்கிவிட்டு, இறங்கி, கைதட்டிச் சிரித்தார்.

தேவகுமார் நடந்து போய் நடுத்தூண் பக்கத்தில், ஹைக்கல் நின்ற அதே இடத்தில் நின்றார்.

"ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்க" என்றார். "நேத்துப் பூஜையில வச்ச துப்பாக்கியில தோட்டா இருந்துச்சு. ரெண்டு குழல்லயும். நான் எடுக்கல. பாட்டு நடக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துச்சு, ஆனா எந்திரிச்சு பாக்கல. ஹைக்கல் பாக்க வந்தான், சாமி பேரச் சொல்லி அவனத் தடுத்தேன். இன்னிக்கு அவன் கோசோங்னு சொன்னது என்னக் காப்பாத்த. தப்பு முழுக்க என்னோடது."

பிறகு விதிகளைச் சொல்ல ஆரம்பித்தார். நடக்கும்போது திறந்திருக்க வேண்டும். விரல் வெளியே. 'வண்டியில் ஏறுமுன்' என்று வந்ததும் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இத்தனை வருடம் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்ததை ஒரு சின்னப்பிள்ளைபோலத் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தார். யாரும் டீயைக் குடிக்கவில்லை.

தங்கராஜு கிட்டே வந்தார். கையில் எலுமிச்சைச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது.

"சார், என் பசங்க எங்க உக்காந்திருந்தாங்க?"

அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

"நேர் எதிர்ல, அண்ணே."

"உங்க மவளும்."

"ஆமா."

தங்கராஜு அடித்திருந்தால் தேவலை. அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினார். அவர் வண்டிக்குள் ஏறிக் கதவை மூடுகிற சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. அன்றைக்குப் பிறகு அவர் தேவகுமாரிடம் வேலை தவிர வேறு பேச்சுப் பேசவில்லை.

ஊர் வாய்க்குக் கால் முளைத்துச் செய்தி வீட்டுக்குப் போகும் முன் தேவகுமாரே பிரியந்தியிடம் சொல்லிவிட்டார். அவள் திட்டவில்லை, அழவுமில்லை. கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தை மறுபடி ஓடவிட்டு, கீழ்மூலையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு அதை அழித்தாள். சொந்தக்காரர்கள் கைப்பேசிகளில் எல்லாம் அது இதயங்களோடு அப்படியேதான் இருந்தது. அடுத்த கல்யாண வீட்டில் யாரோ ஒரு மாமி அதிராவின் கன்னத்தைக் கிள்ளி, "துப்பாக்கிக்கு முன்னால என்னமா பாடிச்சு இந்தக் குட்டி!" என்றபோது தேவகுமார் எழுந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டார்.

ஷேக் அலாவுதீன் கடைசிவரை மேலே அறிக்கை அனுப்பவில்லை. தேவகுமார்தான் தன் அனுமதியை நிறுத்தி வைக்கும்படி விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஹைக்கலின் அனுமதிக்கு அன்றைக்கே சிபாரிசு செய்தார். அது வந்ததும் பழையபடி இருவரும் ஒன்றாக வெளிவேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். துப்பாக்கி ஹைக்கல் தோளில். தேவகுமார் கயிறும் தண்ணீர்ப் புட்டியும் சுமந்துகொண்டு பின்னால் நடந்தார். துப்பாக்கி எடுக்க அனுமதி இல்லாவிட்டாலும் எட்டிப் பார்த்துக் 'கோசோங்' சொல்லலாம். அந்த ஒரு வேலையாவது தன்னிடம் மிச்சமிருக்கிறது என்று ஒரு சின்ன ஆறுதல்.

முதல் நாள், பாலிக் புலாவில் வேலை முடிந்து வண்டிக்குத் திரும்பினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஹைக்கல் தோட்டாவை எடுத்து, துப்பாக்கியை மடித்து, மரியாதையாக அவர் பக்கம் நீட்டினான். தேவகுமார் குனிந்து பார்த்தார். ஒரு குழலில் விரலை விட்டுத் தடவினார், மற்றதிலும் தடவினார். திரும்ப முதல் குழலில் தடவினார்.

"கோசோங்" என்றார், சத்தமாகவே.

ஹைக்கல் தலையை ஆட்டினான். ஆனால் வண்டியில் ஏறவில்லை. துப்பாக்கியைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு, காலால் ஈர மண்ணைத் தேய்த்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"தப்பா நினைச்சுக்காதீங்க, அண்ணே" என்று மெல்லச் சொல்லிவிட்டு, வண்டிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். "தங்கராஜு அண்ணே, கொஞ்சம் எறங்கி வந்து பாத்துட்டுப் போங்க."

தேவகுமார் ஒதுங்கி வழிவிட்டார். தங்கராஜு இறங்கி வந்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், தடித்த விரலை இரண்டு குழலிலும் விட்டுத் தடவினார்.

"கோசோங்" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஹைக்கல் வண்டியில் ஏறினான்.